ஏற்றத்தில் டிரெய்லர் ஹீட் ஆகாமல் ஓட்டுவது எப்படி? புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்கு

தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பும் வண்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்குப் போயாக வேண்டும். மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் என்று வருகிற வரை ஏறுகிறோம் என்றே தெரியாது. சேலம் தாண்டித் தொப்பூர் கணவாயில் நுழைந்ததும்தான் பின்னால் இருக்கும் லோடின் கனம் ஆக்சிலரேட்டரில் தெரியும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் அந்தப் பக்கம் போனால், கேபினைத் தூக்கிவிட்டு ஓரமாக நிற்கிற வண்டி ஒன்றாவது கண்ணில் படும்.

அப்படி நிற்கிற வண்டிகளில் பலவற்றில் உடைந்த பாகம் என்று எதுவும் இருக்காது. ரேடியேட்டர் கொஞ்சம் அடைத்திருக்கும், பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும், டிரைவர் ஒரு கியர் மேலே வைத்து ஏற்றியிருப்பார். ஒவ்வொன்றும் தனியாக வந்தால் வண்டி தாங்கிக்கொள்ளும். மூன்றும் ஒன்றாகச் சேர்வது ஏற்றத்தில்தான். ஹெவி லைசென்ஸ் வாங்கி டிரெய்லரோ பத்துச் சக்கர வண்டியோ புதிதாக எடுக்கப் போகிறவர், முதல் நாள் மாலையிலிருந்து மலை உச்சி வரை என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

வண்டியும் லோடும் சேர்ந்து 40 டன் என்று வையுங்கள். சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறத்தாழ 80 குதிரைத்திறன் போதும். அதே வண்டி 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றத்தில் வெறும் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறத்தாழ 170 குதிரைத்திறன் வேண்டும். வேலை இரண்டு மடங்கு. முன்னால் இருந்து ரேடியேட்டரில் மோதும் காற்றின் வேகமோ மூன்றில் ஒரு பங்கு.

டீசலில் உள்ள சக்தியில் பாதிகூடச் சக்கரத்துக்குப் போவதில்லை. மிச்சமெல்லாம் சூடாக மாறி, ஒரு பங்கு சைலன்சர் வழியாகவும் இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். ஓட்டக் காற்று இல்லாத ஏற்றத்தில் ரேடியேட்டருக்குக் காற்று கொடுப்பது பேன் மட்டும்தான். அந்த பேனும், தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்பும் இன்ஜின் சுற்றும் வேகத்தில்தான் சுற்றுகின்றன. இன்ஜின் சுற்று குறைந்தால் காற்றும் குறைகிறது, தண்ணீர் ஓட்டமும் குறைகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கீழே சொல்கிற பாதிக்கும் மேற்பட்டதை நீங்களே யோசித்துக் கண்டுபிடிப்பீர்கள்.

கிளம்பும் முதல் நாள்: வண்டி குளிர்ந்திருக்கும்போது

டார்ச் லைட் எடுத்துக்கொண்டு ரேடியேட்டரைப் பாருங்கள். முன்னால் நின்று கிரில் வழியாகப் பார்த்துவிட்டு "சுத்தமா இருக்கு" என்று சொல்வதில் பயனில்லை. முன்னால் இருந்து தெரிவது ரேடியேட்டரே அல்ல. டர்போ வண்டிகளில் முன்னால் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது), ஏசி இருந்தால் அதற்கும் முன்னால் கன்டென்சர், இவற்றுக்குப் பின்னால்தான் ரேடியேட்டர். குப்பை சேர்வது இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் விரல் நுழையாத சந்தில். கேபினைத் தூக்கி, பக்கவாட்டில் இருந்து டார்ச்சை அந்தச் சந்துக்குள் அடியுங்கள். பூச்சி, வைக்கோல் துணுக்கு, நெல் உமி, பஞ்சு எல்லாம் தூசியோடும் ஆயில் கசிவோடும் ஒட்டி, கம்பளி மாதிரி ஒரு படலமாக நிற்கும். சமதளத்தில் ஆறு மாதம் இதோடு ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது. ஏற்றம்தான் காட்டிக்கொடுக்கும்.

சுத்தம் செய்யும்போது காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். அதாவது இன்ஜின் பக்கம் நின்று முன்பக்கம் நோக்கி. முன்னால் நின்று அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும். வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டி கழுவும் அதே பிரஷரில் அடிக்க விடாதீர்கள். ரேடியேட்டரின் தகடுகள் காகிதம்போல மெலிந்தவை, மடங்கிப் படுத்துவிட்டால் அந்த இடத்தில் காற்றே போகாது. ஆயில் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மெதுவான தண்ணீரில் கழுவி, கம்ப்ரசர் காற்றைத் தள்ளி நின்று அடித்தால் போதும்.

அடுத்தது கூலண்ட். சேலம், தருமபுரிப் பக்கத்துப் போர் தண்ணீரை அப்படியே ஊற்றுவது இன்னும் பல பேருக்குப் பழக்கம். வீட்டுப் பாத்திரத்தில் உப்புப் படிகிறது இல்லையா, அதேதான் இன்ஜின் பிளாக்கின் உள்சுவரிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். மேலே இருந்து பார்த்தால் தண்ணீர் நிறைந்திருக்கும், டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் மட்டும் ஏறும். கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ரெடிமிக்ஸ் என்று போட்ட கேன் வாங்கினால் அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கூலண்டைத் தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் இன்னும் குளுமையாக இருக்கும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீரே கெட்டி, கூலண்டின் வேலை கொதிநிலையை உயர்த்துவதும் துரு பிடிக்காமல் காப்பதும்தான்.

ரேடியேட்டர் மூடியை யாரும் பார்ப்பதில்லை. அது வெறும் மூடி இல்லை, பிரஷர் வால்வு. உள்ளே ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயரும். 15 பிஎஸ்ஐ மூடி நன்றாக இருந்தால் பாதிக்குப் பாதி கலவை 125 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் 108 டிகிரி பக்கத்திலேயே கொதித்து வெளியே தள்ளிவிடும். மலையில் இது இன்னும் மோசம். 300 மீட்டர் உயர உயரத் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி இறங்குகிறது. மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் வெறும் தண்ணீர், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 93 டிகிரிக்குள்ளேயே கொதிக்கும். மூடியும் சரியில்லை, உள்ளே இருப்பதும் வெறும் தண்ணீர் என்றால், குன்னூர் தாண்டும்போது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். புது மூடி வாங்கும்போது பழைய மூடியில் அச்சடித்திருக்கும் அதே எண் உள்ளதையே வாங்க வேண்டும்.

பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை அமுங்கினால் சரி. பக்கவாட்டில் கண்ணாடிபோல மின்னினால் அது வழுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், இழுத்துக் கட்டினாலும் பயனில்லை, மாற்றிவிடுங்கள். தானாக இறுக்கிக்கொள்ளும் டென்ஷனர் உள்ள புது வண்டிகளில் பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

விஸ்கஸ் பேன் (சூடு ஏறினால்தான் முழுதாகப் பிடித்துச் சுற்றும் பேன்) உள்ள வண்டியென்றால் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் பேனைச் சுற்றிப் பாருங்கள். லேசான பிடிமானம் தெரிய வேண்டும். தட்டிவிட்டால் சைக்கிள் சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் சிலிகான் ஆயில் போய்விட்டது. அந்த பேன் சமதளத்துக்கு ஒத்துவரும், மலைக்கு உதவாது. பேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவரும் முழுதாக இருக்க வேண்டும். ஏதோ வேலைக்குக் கழற்றிய கவரைத் திரும்ப மாட்டாமல் அனுப்பும் பட்டறைகள் நிறைய. கவர் இல்லாத பேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், அக்கம்பக்கத்துச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

தெர்மோஸ்டாட் பற்றி ஒரு வார்த்தை. "அதைப் பிடுங்கிப் போடுங்க, ஹீட்டே ஆகாது" என்று சொல்லும் மெக்கானிக்குகள் நெடுஞ்சாலை நெடுக இருக்கிறார்கள். கேட்காதீர்கள். தெர்மோஸ்டாட் 80 டிகிரிக்கு மேல் திறக்க ஆரம்பித்து, சூடு ஏற ஏற முழுசாகத் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடுகிறது. பல இன்ஜின்களில் அது திறக்கும்போது பக்கத்தில் இருக்கும் பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் பைபாஸிலேயே சுற்றும். ஏற்றத்தில் முன்பைவிட அதிகமாகவே ஹீட் ஆகும். மற்ற நேரத்தில் இன்ஜின் போதிய சூட்டுக்கே வராமல் டீசல் குடிக்கும், லைனர் தேயும். சந்தேகம் இருந்தால் புதிது போடுங்கள், இல்லாமல் ஓட்டாதீர்கள்.

ஏர் பில்டர், இன்ஜின் ஆயில் அளவு, டர்போ ஓஸ் கிளிப் இவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பில்டர் அடைத்தாலோ டர்போ ஓஸில் காற்றுக் கசிந்தாலோ இன்ஜினுக்குக் காற்று பற்றாது. கரும்புகை வரும், சைலன்சர் பக்கச் சூடு எகிறும், இழுவையும் இருக்காது.

இன்னொன்று, பலரும் இன்ஜின் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பதால் தவறவிடுவது: டிரெய்லரின் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது. சமதளத்தில் ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் உருட்டி நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் அருகிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் முழுதாக விடவில்லை. ஏர் கசிந்து அழுத்தம் குறைந்தாலும் ஸ்பிரிங் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே வரும். இன்ஜின் மலையையும் இழுத்து, அந்தப் பிரேக்கையும் இழுத்தால் முள் ஏறாமல் என்ன செய்யும்? டயரில் காற்றுக் குறைவதும் இதே கதைதான்.

நேரம், இடம்

கோடையில் ஏற்றத்தை விடியற்காலையில் முடிப்பது போல ஒரு மருந்து கிடையாது. மத்தியானம் 40 டிகிரி வெயிலில் சாலையில் இருந்து எழும் அனல் அதைவிட அதிகம். விடிகாலையில் 25 டிகிரி. அந்த 15 டிகிரி வித்தியாசம் அப்படியே உங்கள் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் லாபம். நாமக்கல்லில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நேராகத் தொப்பூருக்கு விடுவதைவிட, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து இருட்டோடு கிளம்புவது மேல். தூக்கம் இல்லாமல் இரவெல்லாம் ஓட்டி விடிகாலையில் மலை ஏறுவது வேறு கதை. அதை நான் சொல்லவில்லை.

எந்த மலையாக இருந்தாலும் எங்கே நிறுத்த முடியும், எங்கே முடியாது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் பக்கம் போகும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அது புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் உள்ள காடு. கனரக வண்டிகளுக்கு இரவு நேரக் கட்டுப்பாடும், எந்த அளவு வண்டி போகலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு. நடு வளைவில் கேபினைத் தூக்கி நிறுத்தினால் பின்னால் மொத்தப் போக்குவரத்தும் நிற்கும். அந்த வழியில் போகிற டிரைவர்கள் அடிவாரத்தில் பண்ணாரி அம்மன் கோயிலில் வண்டியை நிறுத்திக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் கிளம்புவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கிளீனரை விட்டு பெல்ட், கூலண்ட் அளவு, டயர், கசிவு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். சாமிக்கும் ஆச்சு, வண்டிக்கும் ஆச்சு.

ஏற்றம் தொடங்கும் முன்பே முள் வழக்கமான இடத்துக்கு மேல் இருந்தால் ஏற ஆரம்பிக்காதீர்கள். ஏறிய பிறகு அது தானாக இறங்காது.

ஏறும்போது: கியரை இறக்கு, வேகத்தைக் குறை, சுற்றைக் குறைக்காதே

புதிதாக ஓட்டுகிறவர் செய்வது இது: ஏற்றம் வருவதைப் பார்த்ததும் வேகம் எடுத்து, அந்த வேகத்திலேயே ஏறிவிடலாம் என்று நினைத்து, மேல் கியரிலேயே அழுத்துவார். பாதி தூரம் ஏறும். பிறகு வண்டி திணற ஆரம்பிக்கும். ஆக்சிலரேட்டர் தரையோடு தரையாக இருக்கும், ஆர்பிஎம் 1,100, 1,000 என்று இறங்கும், கேபினே அதிரும், பின்னால் கரும்புகை. அந்த நிலையில் இன்ஜினுக்குள் டீசல் முழு அளவில் எரிகிறது, பேனும் பம்பும் அரைகுறையாகச் சுற்றுகின்றன. ஒரு கிலோமீட்டர் அப்படி இழுத்தால் போதும், நல்ல வண்டியும் ஹீட் ஆகும்.

செய்ய வேண்டியது நேர்மாறு. ஆர்பிஎம் மீட்டரில் பச்சைப் பகுதியைப் பாருங்கள். ஆறு சிலிண்டர் வண்டிகளில் பொதுவாக 1,200-க்கும் 1,800-க்கும் நடுவே இருக்கும், உங்கள் வண்டியின் மீட்டர் காட்டுவதே உங்களுக்குச் சட்டம். ஏற்றத்தில் அந்தப் பச்சையின் மேல் பாதியிலேயே இன்ஜினை வைத்திருக்க வேண்டும். ஆர்பிஎம் முள் பச்சையின் நடுவுக்கு வந்ததுமே ஒரு கியர் இறக்குங்கள், பச்சைக்குக் கீழே விழுந்த பிறகு இறக்கினால் லோடு வண்டி நின்றேவிடும், அப்புறம் ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச் போட்டுக் கிளப்ப வேண்டியதுதான். கிளட்ச் கருகும் வாசனை பக்கத்து வண்டிக்காரருக்கும் வரும்.

கியரை இறக்கிவிட்டு ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் பாதி வேலைதான் முடிந்தது. காலைக் கொஞ்சம் எடுங்கள். தேவைப்படும் சக்தி வேகத்தைப் பொறுத்தது. 20-ல் ஏறுவதை 15 ஆக்கினால் இன்ஜின் செய்யும் வேலை கால்வாசி குறையும், சூடும் அந்த அளவுக்குக் குறையும். கீழ்க் கியரில் இருப்பதால் பேனின் சுற்று குறையாது. இழப்பது எவ்வளவு? 8 கிலோமீட்டர் ஏற்றத்தை 20-ல் ஏறினால் 24 நிமிடம், 15-ல் ஏறினால் 32 நிமிடம். எட்டே நிமிடம். ஹீட் ஆகி நின்றால் குறைந்தது ஒரு மணி நேரம் போகும். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். இடம் வரும்போது ஒதுங்கி வழிவிடுங்கள், அவருக்காக வேகம் எடுக்காதீர்கள்.

வளைவுக்குள் கியர் மாற்றக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் உள்ளே நுழையும் முன்பே, வெளியே வரும்போது எந்தக் கியர் வேண்டுமோ அதைப் போட்டுவிடுங்கள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும். இது போக்குவரத்து விதியிலேயே இருக்கிறது, ஆனால் எதிரே வருகிற சுற்றுலாக் காருக்கு அது தெரியும் என்று நம்பி வளைவில் நுழையாதீர்கள்.

முன்னால் போகும் லாரிக்கு ஒட்டிப் போக வேண்டாம். அவர் வண்டியின் சூட்டுக் காற்றும் புகையும் நேராக உங்கள் ரேடியேட்டருக்குள் வரும். அவர் நின்றால் நீங்களும் ஏற்றத்தில் நிற்க வேண்டும். நல்ல இடைவெளி விட்டால் அவர் திணறும்போது நீங்கள் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கலாம்.

காதையும் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். விஸ்கஸ் பேன் பிடிக்கும்போது முன்னால் இருந்து ஊளையிடுவது போல் ஒரு பெரிய காற்றுச் சத்தம் எழும். புதியவர்கள் இன்ஜினில் ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படுவார்கள். அதுதான் நல்ல செய்தி. சில நிமிடம் கத்திவிட்டு அடங்கும், முள்ளும் கொஞ்சம் இறங்கும். முள் ஏறிக்கொண்டே இருக்கிறது, அந்தச் சத்தம் மட்டும் வரவே இல்லை என்றால் பேன் பிடிக்கவில்லை.

முள் ஏற ஆரம்பித்தால்

சிவப்பைத் தொடும் வரை காத்திருக்கக் கூடாது. வழக்கமான இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் நகர்ந்தாலே வேலையைத் தொடங்குங்கள்.

"முள்ளு ஏறுதுங்ணா" என்று கிளீனர் சொன்னால் முதலில் ஏசியை அணையுங்கள். 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் பெரிய லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்பதால், புது வண்டிக்காரர்களுக்கு இது பழக வேண்டிய விஷயம். கம்ப்ரசர் இன்ஜின் சக்தியைத் தின்பது ஒரு பக்கம், கன்டென்சர் வெளியே தள்ளும் சூடு நேராக ரேடியேட்டருக்குள் போவது இன்னொரு பக்கம். கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு இன்னும் ஒரு கியர் இறக்கி, ஆக்சிலரேட்டரைக் கால்வாசி விடுங்கள். கேபினில் ஹீட்டர் இருந்தால் முழு வேகத்தில் போடுங்கள். வெயிலில் அது சித்திரவதைதான், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று நிமிடத்தில் முள் நிற்கவில்லை என்றால், அகலமான, முடிந்தவரை சமமான இடம் பார்த்து நிறுத்துங்கள். வார்னிங் விளக்கோ பஸ்ஸரோ வந்துவிட்டால் அந்த மூன்று நிமிடமும் கிடையாது.

நிறுத்திய பிறகு: இங்கேதான் ஆள் காயப்படுவது

பார்க்கிங் பிரேக் போட்டு, நியூட்ரல் செய்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். பின்னால் நல்ல தூரத்தில் முக்கோண எச்சரிக்கைப் பலகை. கட்டை இல்லாமல் கல் வைத்தால், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரவில் பைக்கில் வருகிறவர் அந்தக் கல்லில் ஏறி விழுந்தால் அது நம் கணக்கில்தான் சேரும். இதைச் செய்யாமல் போகிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

இன்ஜினை உடனே அணைக்கலாமா? கூலண்ட் உள்ளே இருக்கிறது, கசிவு இல்லை, ஆயில் விளக்கு எரியவில்லை என்றால் அணைக்காதீர்கள். 1,000 அல்லது 1,200 ஆர்பிஎம்மில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் சுற்றும், பேன் சுற்றும், சூடு சீராக இறங்கும். சட்டென்று அணைத்தால் தண்ணீர் நின்ற இடத்திலேயே கொதிக்கும், டர்போவுக்குப் போகும் ஆயிலும் நின்று பேரிங்கில் கருகும். ஆனால் ஓஸ் வெடித்தோ வேறு வழியிலோ கூலண்ட் கொட்டிப்போயிருந்தால், அல்லது ஆயில் விளக்கு எரிந்தால், ஒரு நொடிகூட ஓட விடக் கூடாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உச்சிக்குப் போன முள் திடீரென்று தொப்பென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் கொட்டிப்போய் சென்சார் வெறும் ஆவியில் தொங்கினால் முள் இறங்கிவிடும். இன்ஜினோ உள்ளே வெந்துகொண்டிருக்கும். உடனே அணையுங்கள்.

மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் 110, 115 டிகிரித் தண்ணீர், மூடி கழன்ற நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆகட்டும். மேல் ஓஸைக் கையால் பிடித்துப் பாருங்கள்: பிடித்துக்கொண்டே இருக்கும் அளவு ஆறி, அமுக்கினால் மெத்தென்று இருந்தால் உள்ளே அழுத்தம் இல்லை. அப்போதும் மூடியின் மேல் தடிமனான துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் படிக்கு மட்டும் திருப்பி, சீற்றம் முழுதும் அடங்கிய பிறகு கழற்றுங்கள்.

பிளாக்கின்மேல் பச்சைத் தண்ணீரை வாளியாக ஊற்றுகிற பழக்கம் ஒன்று உண்டு. கொதிக்கிற இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட் விரிசல் விடும். நன்றாக ஆறிய பிறகு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அவசரத்துக்கு வெறும் தண்ணீர் பரவாயில்லை. எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று குறித்துவைத்து, ஊர் போய்ச் சேர்ந்ததும் அதை வடித்துவிட்டுச் சரியான கலவை நிரப்புங்கள்.

பிஎஸ்-6 வண்டிக்காரர்களுக்குத் தனியாக

பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் பலவற்றில் கூலண்டுக்கு வேலை அதிகம். எரிந்த புகையின் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடியும் இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் கூலரின் சூடும் இதே கூலண்டில்தான் இறங்குகிறது. அதனால் பழைய வண்டியில் "தண்ணி ஊத்தி ஓட்டினோமே" என்ற கதை இதில் எடுபடாது. ஹீட் ஆனால் இவற்றின் கம்ப்யூட்டர் தானாகவே இழுவையைக் குறைத்துவிடும். டிரைவர் ஏதோ டீசல் அடைப்பு என்று நினைத்து இன்னும் அழுத்துவார். டேஷ்போர்டைப் பாருங்கள், அதில் எழுதியிருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை காட்டுப்பாதைக்கு. இந்த வண்டிகளின் புகை பில்டர் தன்னைத்தானே சுட்டுச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் சைலன்சர் பயங்கரச் சூட்டில் இருக்கும். காய்ந்த புல்லின்மேலோ மூங்கில் சருகின்மேலோ நிறுத்தாதீர்கள். கோடையில் காடு பற்ற அவ்வளவு போதும்.

மேலே போய்ச் சேர்ந்ததும், மறுநாள் காலையும்

உச்சிக்கு வந்ததும் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு டீ குடிக்க ஓடாதீர்கள். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் லேசாக ஓட்டுங்கள், அல்லது மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். அந்த நேரத்தில் வண்டியைச் சுற்றி வந்து கீழே சொட்டு விழுகிறதா, ஹப்களில் எது அதிகமாக அனலடிக்கிறது என்று பார்த்துவிடலாம். இறக்கம் உடனே தொடங்கினால் ஏறிய அதே கியரில், அல்லது அதைவிடக் கீழே, எக்ஸாஸ்ட் பிரேக்கோடு இறங்குங்கள். எதிர்த்திசையில் தொப்பூரில் இறங்கும் வண்டிகளுக்கு என்ன ஆகிறது என்பது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை, வண்டி முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது டேங்கில் கூலண்ட் அளவைப் பாருங்கள். முதல் நாள் இருந்த இடத்திலேயே இருந்தால் கவலையில்லை. வெளியே கசிவு எதுவும் தெரியாமல் குறைந்திருந்தால் டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயிலைப் பாருங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் நல்ல நிறத்தில் இருந்தால் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, டேங்கில் தொடர்ந்து குமிழ் வருகிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகையோடு இனிப்பான வாசனை வருகிறதா என்று கவனியுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். முதலாளிக்கு அப்போதே போன் செய்து சொல்லிவிடுங்கள். அந்த வண்டியை அடுத்த லோடுக்கு எடுத்துப் போகச் சொன்னால் முடியாது என்று சொல்லவும் தயங்க வேண்டாம், கேஸ்கட்டோடு முடிகிற செலவு ஹெட் வரைக்கும் போவது அந்த அடுத்த டிரிப்பில்தான்.